சார், −40 வருது! சார்ல்ஸ் விதிச் சோதனை கோணலாகப் போனால் எங்கெங்கே பார்ப்பது

படிவம் 4 பிள்ளைகள் வெப்பப் பாடத்தை எட்டும் வாரத்தில், மலேசியாவின் தாப்பா கடைத்தெருவில் இருக்கிற என் டியூஷன் மாடிப்படியில் ஒரே மாதிரி காலடிச் சத்தம் கேட்கும். கையில் கிராஃப் தாள், முகத்தில் கலக்கம். பள்ளியில் ‘ஹுக்கும் சார்ல்ஸ்’ என்று மலாயில் எழுதி, மனப்பாடமும் செய்து, சோதனையும் முடித்தாயிற்று. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் காற்றின் கன அளவு பூஜ்யமாகும் வெப்பநிலை −273 டிகிரி செல்சியஸ் என்கிறது புத்தகம். இவர்கள் தாளிலோ −150, −307. ஒரு தடவை −40. “விதி தப்பா சார்?” என்று கேட்காத பிள்ளை குறைவு.

விதி சரிதான். ஆனால் அது இரண்டு நிபந்தனை போடுகிறது. உள்ளே அடைபட்ட காற்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதை வெளியிலிருந்து அழுத்தும் அழுத்தம் மாறக் கூடாது. இந்த இரண்டும் அப்படியே இருக்கும்போதுதான் கன அளவும் கெல்வின் வெப்பநிலையும் (செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் வருவது) ஒரே விகிதத்தில் ஏறி இறங்கும். எண் கோணலாக வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: வெப்பநிலையோடு சேர்ந்து திருட்டுத்தனமாக வேறு எது மாறியது?

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது வந்ததோ அங்கே நேராகப் போங்கள். அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

முதலில்: சரியாக வந்தால் எப்படி இருக்கும்?

காய்ச்சல் எவ்வளவு என்று சொல்ல, சாதாரண உடம்புச் சூடு தெரிந்திருக்க வேண்டும். அதுபோல்தான் இதுவும்.

பள்ளியில் செய்வது நுண்குழாய்ச் சோதனை. ஒரு முனை மூடிய மெல்லிய கண்ணாடிக் குழாய். உள்ளே அடர் கந்தக அமிலத் துளி ஒன்று காற்றை அடைத்துக்கொண்டு நிற்கும். குழாயை ரப்பர் வளையத்தால் ரூலரோடு கட்டி, திறந்த வாய் மேலே இருக்கும்படி தண்ணீரில் நிறுத்துவோம். குழாயின் உள் அகலம் சீராக இருப்பதால் காற்றுத் தூணின் நீளமே கன அளவுக்குப் பதிலாள். 30 டிகிரியில் 60 மில்லிமீட்டர் இருந்தால், பனிக்கட்டி நீரில், அதாவது 0 டிகிரியில், 54 ஆக வேண்டும். 80 டிகிரியில் 70க்கு ஒரு மயிரிழை குறைவாக நிற்க வேண்டும். ஒரு டிகிரிக்கு 0.2 மில்லிமீட்டர், அவ்வளவுதான் நகர்வு.

வீட்டில் செய்கிறவர்களுக்கு சிரிஞ்சு. 50 மில்லிலிட்டர் சிரிஞ்சில் 30 டிகிரியில் 20 மில்லிலிட்டர் காற்றை அடைத்தால், 0 டிகிரியில் 18.0, 50ல் 21.3, 70ல் 22.6, 80ல் 23.3. இந்த எண்களைக் கிராஃப் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “பலூன் மாதிரி ஊதிப் பெருக்கும்” என்று எதிர்பார்த்து வருகிறவர்கள்தான் சரியான விடையைப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்கவில்லை என்று சிரிஞ்சைத் தூக்கிப் போடுகிறார்கள்.

அமிலக் குழாயைப் பள்ளி ஆய்வகத்துக்கு வெளியே தொடவே வேண்டாம். வீட்டில் சிரிஞ்சும் சுடுநீரும் போதும். 80க்கு மேல் போகத் தேவையில்லை. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். இறுக மூடிய கண்ணாடிப் போத்தலை எந்தக் காரணத்துக்கும் அடுப்பில் வைக்காதீர்கள்.

அறிகுறி: சுடுநீரில் வைத்தும் பிஸ்டன் நகரவே இல்லை, பிறகு திடீரென்று துள்ளுகிறது

பிளாஸ்டிக் சிரிஞ்சின் தலையாய குறை இது. பிஸ்டன் முனையில் உள்ள கறுப்பு ரப்பர் சுவரைக் கவ்விக்கொள்கிறது. உள்ளே காற்று சூடாகிறது, விரியப் பார்க்கிறது, முடியவில்லை. கன அளவில் தெரிய வேண்டியது அழுத்தமாக உள்ளே சேர்ந்துகொண்டே போகிறது. அழுத்தம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயே உடைந்துவிட்டது. ரப்பர் பிடியை விடும் கணத்தில் பிஸ்டன் ஒரே தாவாகத் தாவும்.

பிஸ்டனை மெல்லச் சுழற்றிவிட்டுப் படியுங்கள். அதற்கும் மேலாக நான் செய்யச் சொல்வது: பிஸ்டனை ஒரு மில்லிலிட்டர் வெளியே இழுத்து விடுங்கள், அது திரும்பி நிற்கும் இடத்தைக் குறியுங்கள். பிறகு ஒரு மில்லிலிட்டர் உள்ளே தள்ளி விடுங்கள், நிற்கும் இடத்தைக் குறியுங்கள். உண்மையான அளவு இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இரண்டும் ஒரு மில்லிலிட்டருக்கு மேல் விலகி நின்றால் அந்தச் சிரிஞ்சு இந்த வேலைக்கு ஆகாது. 0லிருந்து 80 வரை போனாலே மொத்த நகர்வு ஐந்து மில்லிலிட்டர்தானே.

எண்ணெய் தடவலாமா என்று கேட்பார்கள். தடவலாம், சிலிக்கோன் எண்ணெய் ஒரு பொட்டு. ஒரு பையன் அம்மாச்சியின் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வந்தான். சுடுநீரில் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவனுக்கு ஒரே பெருமை. பனிக்கட்டி நீரில் வைத்தோம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும் பொருள். பிஸ்டன் சிமெண்டு வைத்துப் பூசியதுபோல் நின்றுவிட்டது.

கண்ணாடிச் சிரிஞ்சு கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

அறிகுறி: சூடாக்கும்போது ஒரு எண், ஆறும்போது அதே வெப்பநிலையில் வேறொரு எண்

இதில் மூன்று நோய்கள் ஒரே முகத்தோடு வரும். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது: மறுபடியும் தொடங்கிய வெப்பநிலைக்கே கொண்டுவந்து, கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

பழைய அளவுக்கே திரும்பிவிட்டால் குற்றம் உங்கள் அவசரத்தில். தெர்மோமீட்டர் தண்ணீரின் சூட்டைச் சொல்கிறது. காற்று கண்ணாடிக்கோ பிளாஸ்டிக்குக்கோ உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அதற்குச் சூடு தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஏறும்போது காற்று பின்தங்கும், அதனால் எண் குறைவாக வரும். இறங்கும்போதும் பின்தங்கும், எண் அதிகமாக வரும். அடுப்பை எரியவிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். குறித்த வெப்பநிலைக்கு முன்பே தீயை அணைத்து, நன்றாகக் கலக்கி, காத்திருந்து படியுங்கள். எனக்குப் பிடித்த முறை தலைகீழ். கெட்டிலில் காய்ச்சிய தண்ணீரை ஆறவிட்டு, 80ல் சிரிஞ்சை முழுதும் முக்கி, தானாக ஆற ஆற வரும் வழியில் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஒன்றாகப் படித்துக்கொண்டே இறங்குவது. நம் ஊர் வெக்கையில் 40க்குக் கீழே ஆறுவதற்குள் ஒரு தே தாரேக் குடித்து முடித்துவிடலாம். அந்த நிதானம்தான் வேண்டும்.

குழாயின் காற்றுப் பகுதி முழுவதும் தண்ணீருக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதிக் காற்று மின்விசிறியின் வெப்பநிலையில்தான் இருக்கும்.

தொடங்கிய அளவைவிடக் குறைவாக வந்து நின்றால் காற்று கசிந்திருக்கிறது. சிரிஞ்சின் மூக்கை எதனால் அடைத்தீர்கள்? பசைத் துப்பாக்கியில் உருக்கி அடைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் பசை சூட்டில் உருகுவதற்கென்றே செய்யப்பட்டது. சுடுநீரில் இளகி வழிவிடும். சைக்கிள் டியூப் துண்டை மூக்கில் மாட்டி, மடித்து, கம்பியால் இறுக்கிக் கட்டுவது மேல். சோதிக்க: 20ல் இருக்கும் பிஸ்டனை 15 வரை அழுத்தி, தண்ணீருக்கடியில் அரை நிமிடம் பிடியுங்கள். குமிழி வரக் கூடாது. விட்டதும் 20க்குப் பக்கத்தில் திரும்ப வேண்டும்.

தொடங்கிய அளவைவிட அதிகமாக வந்து நின்றால் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. பெரும்பாலும் பனிக்கட்டி நீரில் சுருங்கும்போது அதே ஓட்டை வழியாக உறிஞ்சியிருக்கும். வைத்தியமும் அதே டியூப் துண்டுதான்.

அறிகுறி: கோடு நேராக இல்லை, மேல்நோக்கி வளைகிறது, நீட்டினால் −90, −40 என்று வருகிறது

இந்தப் பகுதியை எழுதத்தான் உட்கார்ந்தேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதும், யாரும் காரணம் சொல்லிக்கொடுக்காததும் இதுதான்.

அந்த −40 பையனின் கதை. சிரிஞ்சைக் கழுவி, உதறி, துணியால் வெளிப்புறம் துடைத்து, சோதனையைத் தொடங்கிவிட்டான். 30 டிகிரியில் 20. 70 டிகிரியில் 31. “எவ்ளோ நல்லா விரியுது பாருங்க சார்!” என்று ஓடி வந்தான். இரண்டு புள்ளியையும் இணைத்துக் கீழே நீட்டினால் கன அளவு −40க்குப் பக்கத்தில் பூஜ்யமாகிறது. ரஷ்யாவின் யாகுட்ஸ்க் நகரில் ஜனவரி மாதம் −40 என்பது சர்வசாதாரணம் என்று சொன்னேன். அங்கே ஜனங்கள் அந்தக் குளிரில் திறந்தவெளிச் சந்தையில் மீன் வாங்குகிறார்கள். உன் கணக்குப்படி அவர்களுக்கு மூச்சுவிடக் காற்றே மிஞ்சியிருக்காதே, தம்பி?

சிரிஞ்சுக்குள் ஈரம் இருந்தது. ஈரம் இருந்தால் என்ன ஆகும் என்பதை நிதானமாகப் பாருங்கள்.

சூடாகும்போது தண்ணீர் ஆவியாகிறது. ஆவியும் ஒரு வாயு. அதுவும் பிஸ்டனைத் தள்ளும். 30 டிகிரியில் தண்ணீருக்கு மேலே தேங்கும் ஆவியின் அழுத்தம் 4.2 கிலோபாஸ்கல். 50 டிகிரியில் 12.3. 70 டிகிரியில் 31. வெளிக்காற்றின் அழுத்தம் 101 என்று வைத்துக்கொண்டால், 70ல் பிஸ்டனைத் தாங்கும் வேலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆவியே செய்துவிடுகிறது. பாக்கி 70 கிலோபாஸ்கலுக்குத்தான் பழைய காற்று பொறுப்பு. அழுத்தம் குறைந்த காற்று அந்த அளவுக்கு விரிந்துகொள்ளும். கணக்குப் போட்டால் 31 மில்லிலிட்டர் அப்படியே வருகிறது. பையன் தப்பாகப் படிக்கவில்லை. கண்ணும் கையும் சரி. அவன் அளந்தது காற்றின் விரிவோடு தண்ணீர் ஆவியாவதையும் சேர்த்து.

ஆவியின் அழுத்தம் வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை, பாய்ந்து ஏறுகிறது. அதனால்தான் கோடு மேல்நோக்கி வளைகிறது. 30க்கும் 50க்கும் இடையே மட்டும் கோடு போட்டு நீட்டினால் −93 வரும். 70 வரை போனால் −40. எவ்வளவு சூடாக்குகிறீர்களோ அவ்வளவுக்கு விடை மேலே வந்துகொண்டே இருக்கும். அதிக வெப்பநிலை வரை போனால் விடை துல்லியமாகும் என்ற பொதுப்புத்தி இங்கே நம்மைக் கவிழ்த்துவிடும்.

“கொஞ்சூண்டு ஈரம்தானே சார்?” எவ்வளவு தண்ணீர் இருந்தால் இத்தனை கூத்தும் நடக்கும் தெரியுமா? 70 டிகிரியில் ஒரு மில்லிலிட்டர் இடத்தை நிரப்ப 0.2 மில்லிகிராம் ஆவி போதும். 31 மில்லிலிட்டருக்கு ஆறு மில்லிகிராம் சொச்சம். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 மில்லிகிராம். ஆக, ஒரு சொட்டில் எட்டில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாமல் ரப்பர் விளிம்பில் ஒளிந்திருக்கும் ஈரமே தாராளம்.

பள்ளிக் குழாயில் அடைப்பாக ஏன் தண்ணீரை வைக்காமல், கையில் பட்டால் பொசுக்கும் அடர் கந்தக அமிலத்தை வைக்கிறார்கள் என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. அந்த அமிலம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். காற்றைப் பூட்டி வைக்கும் கதவே காற்றை உலர்த்தவும் செய்கிறது. எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை ஒரு வரியில் எழுதத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தால் ஏமாந்தவர்கள் தாப்பாவில் மட்டும் இல்லை. பிரான்சின் ஜாக் சார்ல்ஸ் 1787 வாக்கில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு வெளியிடாமலே விட்டார். 1802ல் இன்னொரு பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் தன் அளவுகளை வெளியிட்டபோது சார்ல்ஸின் பெயரையும் சொன்னார்; விதிக்கு அந்தப் பெயர் நின்றது அதனால்தான். அதோடு, தனக்கு முன்னால் அளந்தவர்களின் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போனதற்குக் கருவிக்குள் கிடந்த தண்ணீரைத்தான் குற்றம் சாட்டினார். காற்றை உலர்த்தி அளந்தார். பெரிய பெரிய ஆட்களே வழுக்கி விழுந்த அதே ஈரம்.

சரி, எப்படி உலர்த்துவது? காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். காலி மைலோ டின்னில் ஏழெட்டுப் பொட்டலத்தோடு, பிஸ்டனைக் கழற்றிய சிரிஞ்சையும் போட்டு, மூடி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் டின்னுக்குள்ளேயே கைவிட்டு பிஸ்டனை மாட்டி, காற்றை நிரப்பி, மூக்கை அடைத்து வெளியே எடுங்கள். சிரிஞ்சுக்குள் வாயால் ஊதி நிரப்பினீர்களானால் உலர்த்தியது மொத்தமும் வீண். மூச்சுக்காற்று ஈரத்திலேயே ஊறியது.

அறிகுறி: சூடான பக்கம் எல்லாம் சரி, பனிக்கட்டிப் புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே விழுகிறது

மேலே சொன்ன நோயின் தம்பி. சிரிஞ்சுக்குள் தண்ணீர் சொட்டு இல்லை, ஆனால் அடைத்த காற்று நம் ஊர்க் காற்று. மழை ஓய்ந்த சாயங்காலம் செம்பனைத் தோட்டப் பக்கம் நடந்தால் சட்டை ஒட்டுமே, அந்தக் காற்று.

சொட்டாக இல்லாமல் ஆவியாகவே இருக்கும் ஈரம் சூடாக்கும்போது தொல்லை தராது. அதுவும் மற்ற வாயுக்களைப் போலவே விரியும். குளிர்விக்கும்போதுதான் வேலையைக் காட்டும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும் ஆவி பனித்துளியாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாயுவின் அளவிலேயே ஒரு பங்கு காணாமல் போகும். 30 டிகிரிக் காற்றில் 3 கிலோபாஸ்கல் ஆவி இருந்ததென்று வையுங்கள், நமக்கு அது வழக்கமான நிலை. 0 டிகிரியில் 18.0 வர வேண்டிய இடத்தில் 17.6 வரும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் கோட்டைச் சாய்த்துவிடும்.

உலர்த்த வசதி இல்லாதவர்கள் பனிக்கட்டிப் புள்ளியை விட்டுவிட்டு 30லிருந்து 80 வரை மட்டும் அளந்து கோடு போடுங்கள். ஏன் விட்டீர்கள் என்பதை அறிக்கையில் எழுதுங்கள். என்னைக் கேட்டால், ஒட்டுப்போட்டு −273 கொண்டுவந்த அறிக்கையைவிட அப்படிப்பட்ட அறிக்கைக்குத்தான் அதிக மார்க் போடுவேன்.

அறிகுறி: கோடு நேராகத்தான் இருக்கிறது, ஆனால் −245 அல்லது −307

வாழ்த்துகள், உங்கள் சோதனை நன்றாகவே நடந்திருக்கிறது. இது அளக்கும் கண்ணின் குறை.

60 மில்லிமீட்டர்த் தூண் 50 டிகிரிக்குப் பத்தே மில்லிமீட்டர் நகர்கிறது. மேல் புள்ளியில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் படித்தால் விடை −245க்கு ஓடிவிடும். ஒரு மில்லிமீட்டர் குறைத்துப் படித்தால் −307. அளந்த பகுதி 50 டிகிரி, நீட்டும் பகுதி 300 டிகிரி. வாசலில் கோல் ஒரு விரல் சாய்ந்தால் கொல்லையில் ஒரு முழம் சாய்ந்திருக்கும். துளியின் அடி விளிம்பையே எப்போதும் படியுங்கள், கண்ணை அதே மட்டத்தில் வைத்து.

எல்லாப் புள்ளியும் அழகாகக் கோட்டில் உட்கார்ந்தும் விடை −248 என்று வந்தால், குழாயின் மூடிய முனை ரூலரின் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் 5 மில்லிமீட்டரை எண்ணாமல் விட்டால் சரியாக அந்த எண்தான் வரும். 5 மில்லிமீட்டரைக் கூடுதலாக எண்ணினால் −298. சிரிஞ்சிலும் இதே கதை: மூக்குக்குள்ளும் டியூப் துண்டுக்குள்ளும் இருக்கும் காற்றை அளவுக்கோடு கணக்கில் சேர்ப்பதில்லை. அதில் தண்ணீரை நிரப்பி அளந்து, எல்லா அளவோடும் கூட்டிக்கொள்ளுங்கள். அளந்த பிறகு உலர்த்தவும்!

கே-லுசாக்கின் எண்ணை வைத்து நீட்டினாலே −267தான் வரும். நுண்குழாயும் மர ரூலரும் வைத்துக்கொண்டு −250க்கும் −295க்கும் இடையே வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அறிகுறி: கிராஃப் தாளில் −273 வரை இடமே இல்லை

இடது பக்கத்தில் −300லிருந்து அச்சைத் தொடங்குங்கள், இரண்டு சென்டிமீட்டருக்கு 50 டிகிரி.

அறிகுறி: 30லிருந்து 60க்கு இரட்டிப்பாக்கினேன், கன அளவு இரட்டிப்பாகவில்லை

செல்சியஸ் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடம், காற்றுக்கு அது ஒன்றும் இல்லை. 273ஐக் கூட்டுங்கள். 303லிருந்து 333க்குப் போயிருக்கிறீர்கள். பத்தில் ஒரு பங்கு விரிவு, 20 மில்லிலிட்டர் 22 ஆகும். உண்மையிலேயே இரட்டிப்பாக வேண்டுமானால் 606 கெல்வின், அதாவது 333 டிகிரி செல்சியஸ் வேண்டும். சிரிஞ்சு அதற்கு முன்பே உருகியிருக்கும்.

அறிகுறி: கேமரன் மலைக்குக் கொண்டுபோன முறுக்குப் பாக்கெட் குளிரில் சுருங்காமல் உப்பிவிட்டது

தாப்பாவில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியுமா? லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது காது அடைக்கும். பின்சீட்டில் பாக்கெட் தலையணை மாதிரி ஆகும். மேலே போகப் போகக் குளிர்கிறது, சார்ல்ஸ் விதிப்படி சுருங்கத்தானே வேண்டும்?

வெப்பநிலை மட்டும் மாறியிருந்தால் சுருங்கியிருக்கும். தாப்பாவில் 30 டிகிரி, கேமரன் மலையின் தானா ராத்தா ஊரில் 18 என்றால் 303லிருந்து 291. நூற்றுக்கு நான்கு சுருக்கம். ஆனால் தானா ராத்தா ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளியழுத்தம் அங்கே 85 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். அழுத்தத்தால் வரும் விரிவு நூற்றுக்குப் பத்தொன்பது. இரண்டையும் பெருக்கினால், பாக்கெட் தாராளமாக விரிய முடிந்தால், நூற்றுக்குப் பதினான்கு உப்பும். மேலே காரை நிறுத்தி, வெறும் பிளாஸ்டிக் போத்தலை இறுக மூடி, அதோடு கீழே திரும்பி வாருங்கள். தாப்பாவில் அது நசுங்கி நிற்கும்.

சார்ல்ஸே இதில் மாட்டியவர். 1783 ஆகஸ்டு 27ல் பாரிசிலிருந்து ஆளில்லாத ஹைட்ரஜன் பலூனை விட்டார். மேலே போய் உப்பிக் கிழிந்து, கோனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தது. பேய் என்று பயந்த கிராமத்தார் அதை அடித்துக் குத்திப் போட்டார்கள்.

அறிகுறி: திருமண மண்டபத்தில் ஒழுங்காக இருந்த பலூன்கள் காரில் வெடிக்கின்றன

ஏர்கோன் மண்டபத்தில் 22 டிகிரியில் தோல் இறுக ஊதினீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி ஆகலாம். 295லிருந்து 333, நூற்றுக்குப் பதின்மூன்று விரிவு. தோலுக்கு அவ்வளவு இடம் மிச்சம் இல்லை. முக்கால்வாசி மட்டும் ஊதுங்கள். கருநிறப் பலூன் வெயிலை இன்னும் அதிகமாகக் குடிக்கும்.

அறிகுறி: மோட்டார் டயரில் காலையில் 33 psi, வெயிலில் ஓடி வந்த பிறகு 36

டயர் அவ்வளவாக விரியாது. கன அளவு கட்டுப்பட்டுக் கிடப்பதால் சூடு முழுவதும் அழுத்தமாக மாறுகிறது; இது சார்ல்ஸ் விதியின் அண்ணன் தம்பி விதி. டயர் 30 டிகிரியிலிருந்து 50க்குச் சூடாகியது என்று வையுங்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்று வருகிறவர்கள் 33ஐ நேரடியாக 323ஆல் பெருக்கி 303ஆல் வகுக்கிறார்கள், 35.2 வருகிறது. டயர் மீட்டர் வெளிக்காற்றுக்கு மேலே உள்ளதை மட்டும் காட்டும் கருவி. முதலில் வெளிக்காற்றின் 14.7ஐக் கூட்டி 47.7 ஆக்குங்கள், பெருக்கி வகுத்தால் 50.9, மறுபடி 14.7ஐக் கழித்தால் 36.2. சூட்டில் 36 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள், மறுநாள் விடியற்காலையில் டயர் சப்பையாக இருக்கும். காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும்.

அறிகுறி: சமைக்கச் சமைக்க கேஸ் தோங் (சிலிண்டர்) வேர்த்து, தீ குறைகிறது

“குளிர்ந்ததால் கேஸ் சுருங்கிவிட்டது” என்று எழுதியவருக்கு மார்க் கிடையாது. தோங்குக்குள் பெரும்பகுதி திரவம். அது ஆவியாகி வெளியே வரும்போது தன் சூட்டையே செலவழிக்கிறது, தோங் குளிர்கிறது, வெளிக்காற்றின் ஈரம் அதன் மேல் வேர்க்கிறது. குளிர்ந்த திரவத்தின் ஆவியழுத்தம் குறைவு, தீயும் குறையும். திரவமும் ஆவியும் ஒன்றாக அடைபட்டிருக்கும் இடத்தில் சார்ல்ஸ் விதியைப் போடவே கூடாது. −40 பையனின் சிரிஞ்சில் நடந்ததும் இதேதான். தோங்கின் மேல் சுடுநீர் ஊற்றுவது, வெயிலில் உருட்டிவிடுவது எல்லாம் வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள்.